ஊர் கூடிப் பேச ஒரு கட்டணமில்லாக் கூட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினருக்கான நடைமுறை வழிகாட்டி

ஓர் ஊர்ப் பிரச்சினையைப் பற்றி வெவ்வேறு கருத்துடைய நாற்பது பேரை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் மரியாதையாகப் பேச வைப்பதற்குப் பெரிய அமைப்போ பெரும் பணமோ தேவையில்லை. ஆனால் எந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாள் முன்னதாகக் கொடுப்பது, எந்த இடத்தைத் தவிர்ப்பது என்பதை முன்கூட்டியே சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். மண்டபம் கிடைத்தால் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காது. இரண்டும் கிடைத்தபின் அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்ற சச்சரவு தொடங்கும். இவற்றையெல்லாம் அலைந்து தெரிந்துகொண்டதால், அடுத்து நடத்த நினைப்பவர்கள் அதே அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எந்தச் சங்கத்தையும் சேராத தனிமனிதராகவோ, நான்கைந்து நண்பர்களாகவோ முதன்முறையாக இறங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் நல்ல பேச்சாளரைத் தேடுவதிலேயே முழு உழைப்பையும் செலவிடுகிறார்கள். கூட்டம் நன்றாக நடப்பதும் கெடுவதும் இடம், இருக்கை, பேசும் வரிசை ஆகிய மூன்றைப் பொறுத்தது. பேச்சாளரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. பொருளைச் சுருக்குங்கள், தகவலை முன்னதாகக் கேளுங்கள் (ஆறு வாரங்களுக்கு முன்)

‘ஊர் முன்னேற்றம்’, ‘இளைஞர்களின் எதிர்காலம்’ போன்ற தலைப்புகளை வைத்தால் ஆளுக்கொரு சொற்பொழிவு நடக்குமே தவிர உரையாடல் நடக்காது. கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஊரிலேயே இரண்டு மூன்று விதமான பதில்கள் இருக்க வேண்டும். ‘குடிநீர்ப் பிரச்சினை’ என்பதைவிட, ‘நம் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் நீருடன் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கலந்து விடுவதை ஏற்பதா, வேண்டாமா’ என்பது பேசத்தக்க கேள்வி. கிருஷ்ணகிரிப் பக்கமென்றால், கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காயின் விலையை விவசாயி, மண்டிக்காரர், ஆலைத் தரப்பு ஆகிய மூவரும் ஒரே அறையில் பேசும்படி அமைக்கலாம். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பகுதியில் தக்காளி இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வருகிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை.

தகவல் இல்லாத கூட்டம் அரை மணி நேரத்தில் வாய்ச்சண்டையாகிவிடும் என்பதால், இதற்குத்தான் நீண்ட அவகாசம் தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. கேள்விகளை ‘ஏன்’ என்று கேட்காமல், ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையிலான பதிவேட்டின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று திருப்பியனுப்ப வழியுண்டு. குடிநீர்தான் பொருள் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீர் மாதிரியைச் சோதிக்கலாம். இந்திய தரநிலைப்படி குடிநீரில் ஃபுளூரைடு (அளவு மிஞ்சினால் பல்லில் கறை படியச் செய்யும் உப்பு) லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்களையும் உங்கள் தெருக் குழாயின் ஆய்வு முடிவையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பல்லில் கறை எதனால் வருகிறது என்ற பழைய வாக்குவாதத்தில் நேரம் போகாது.

2. இடம் (ஐந்து வாரங்களுக்கு முன்)

நம் பகுதியில் மிகுந்த கவனம் தேவைப்படும் படி இதுதான். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும். ஊர் மந்தையும் கிடைக்கும். தெரிந்தவர் வீட்டு மாடியும் கிடைக்கும். மூன்றையும் ஏற்காதீர்கள். இந்த இடங்களுக்குள் வருவதற்குத் தயங்கும் குடும்பங்கள் ஊரில் உண்டு என்பதும், அவர்கள் தயங்குவதற்குக் காரணமும் எல்லோருக்கும் தெரிந்தவையே. ‘எல்லோரும் வரலாம்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு ஒரு சமூகத்தாரின் தெருவுக்குள் கூட்டத்தை வைத்தால், வராதவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கட்சி அலுவலகத்துக்கு அடுத்த கட்டடமும் வேண்டாம்.

ஏற்ற இடங்களை என் விருப்ப வரிசையில் சொல்கிறேன். முதலாவது, அரசு நூலகம். பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது; அதன் தலைவரையும் நூலகரையும் பார்த்து, வாசகர் வட்டத்தின் நிகழ்ச்சியாகவே உங்கள் கூட்டத்தை நடத்த முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் வாடகை, நாற்காலி ஆகிய இரண்டும் மிச்சம். அங்கே யாரும் வரலாம் என்பதும் ஊருக்குத் தெரியும். நூலகத்தின் வார விடுமுறை நாளை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஊராட்சி சேவை மையக் கட்டடம் அல்லது சமுதாயக் கூடம். இதற்கு ஊராட்சித் தலைவரிடம் மனுக் கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பொறுப்பில் இல்லாத காலத்தில் ஊராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருக்கும். அப்போது வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஊராட்சிச் செயலரிடம் வாய்மொழியாகச் சொல்லி, ‘சரி, பார்த்துக்கலாம்’ என்ற பதிலுடன் திரும்பிவிடாதீர்கள். கூட்ட நாளன்று பூட்டுக்கு முன்னால் சாவிக்காரரைத் தேடிக்கொண்டு நிற்க நேரும். மூன்றாவது, பள்ளிக்கூடம். விடுமுறை நாளில் தலைமையாசிரியரின் இசைவு மட்டும் போதாமல் கல்வித்துறையின் அனுமதியும் கேட்கப்படலாம் என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மண்டபத்தின் சிறிய உணவுக்கூடத்தை முகூர்த்தமில்லாத நாளில் குறைந்த வாடகைக்குப் பேசி எடுக்கலாம்.

எந்த இடமானாலும் மூன்றைச் சரிபாருங்கள்: பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை, முதியவர் ஏறக்கூடிய வாசல், நகரப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை; அந்தப் பேருந்து வரும் வழியில் இடம் அமைந்தால் வரும் பெண்களின் எண்ணிக்கையே மாறிவிடும்.

3. நாளும் நேரமும்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடப்பதால், அலுவலர்களும் மனுக் கொடுப்பவர்களும் அங்கே இருப்பார்கள். வாரச்சந்தை நாளைத் தவிருங்கள். போச்சம்பள்ளியில் ஞாயிறு, நல்லம்பள்ளியில் செவ்வாய் என்று இடத்துக்கு இடம் நாள் மாறும். மாலையில் பால் ஊற்றும் நேரத்தில் கூட்டம் வைத்தால் மாடு வைத்திருப்பவர் ஒருவரும் வரமாட்டார். சந்தையில்லாத ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 முதல் 12.30 வரை என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்கள், ஊர் மாரியம்மன் பண்டிகை, மார்ச், ஏப்ரல் மாதப் பொதுத்தேர்வுக் காலம், மாங்காய் அறுவடையின் உச்சம் ஆகியவை வேண்டாம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களைத் தொடும் பொருளென்றால், அவர்கள் ஊரில் இருக்கும் பொங்கல் விடுமுறைதான் ஒரே வழி. காணும் பொங்கலுக்கு மறுநாள் வைக்கலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை நடக்கிறது. அந்த நாட்களில் போட்டிக் கூட்டம் வைக்காதீர்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக வையுங்கள். உங்கள் கூட்டத்தில் எடுக்கும் முடிவுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்டு. இங்கே பேசித் தெளிந்ததை அங்கே தீர்மானமாகக் கொண்டுபோக இந்த இடைவெளி உதவும்.

4. கடிதங்களும் அனுமதியும் (மூன்று வாரங்களுக்கு முன்)

ஒரே ஒரு கூட்டம் நடத்துவதற்குச் சங்கம் பதிவு செய்ய வேண்டியதில்லை. ‘பதிவு எண் இல்லாமல் கூட்டம் போட முடியாது’ என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். அமைதியாகக் கூடுவது அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் உரிமை. தொடர்ந்து நடத்தி, பணம் வசூலித்து, வங்கிக் கணக்குத் தொடங்கும் நிலை வந்தால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேராவது சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஆண்டில் அந்தச் சுமை வேண்டாம் என்பதே என் கருத்து.

உள்ளரங்கக் கூட்டமாகவே இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மாவட்டக் காவல்துறை 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவின்கீழ், கூட்டங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்று ஆணை பிறப்பித்திருக்கும் நாட்களில் கேள்வி வரும். திறந்தவெளியில் நடத்துவதென்றால் எப்போதுமே அனுமதி கேட்பது நல்லது. மனுவுடன் இணைக்க வேண்டியவை: கூட்டத்தின் பொருள், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, சிறப்புப் பேச்சாளர் இருந்தால் அவருடைய பெயர், பொறுப்பாளர்கள் இருவரின் ஆதார் நகலும் கைப்பேசி எண்ணும், இட உரிமையாளரின் இசைவுக் கடிதம். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இசைவுக் கடிதத்தைத்தான். அது இல்லாத மனு மேசையிலேயே தங்கிவிடும்.

மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நிலையத்தில் முத்திரை போடத் தயங்கினால் சண்டையிட வேண்டாம். அதே மனுவை ஆய்வாளருக்கும் துணைக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முந்தின நாள் மாலையில் ‘உங்கள் மனு எதுவும் வரவில்லையே’ என்று தொலைபேசியில் கேட்கும்போது அந்த ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும்.

ஒலிபெருக்கிக்கு அதே மனுவில் தனிப் பத்தியாக அனுமதி கேளுங்கள். கூம்பு வடிவக் குழாய்க்கு அனுமதி கிடைக்காது. பெட்டி ஒலிபெருக்கி என்று எழுதுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகக் கருதப்படும். உண்மையில் நாற்பது பேருக்கு ஒலிபெருக்கி தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். அது இல்லாவிட்டால் செலவும் குறையும். குரலை உயர்த்திப் பேசும் பழக்கமும் குறையும்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால், எவ்வளவு முன்னேற்பாடு செய்திருந்தாலும் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். அரசுக் கட்டடம் கிடைப்பதும் கடினம். நீங்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்ற கேள்வியிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

5. செலவு

ஐம்பது பேர் வரக்கூடிய கூட்டத்துக்கு நான் போட்டுவைத்திருக்கும் கணக்கு இது. உங்கள் ஊரில் சற்று முன்பின் ஆகலாம். வாடகை நாற்காலி ஒன்றுக்கு 8 ரூபாய் வீதம் 400, ஏற்றியிறக்கும் வண்டிக்கு 300, பெட்டி ஒலிபெருக்கியும் இரண்டு ஒலிவாங்கியும் 1,500, துண்டறிக்கை அச்சிட 700, தேநீர் 600, சுண்டல் 500, துப்புரவு செய்பவருக்கு 300. மொத்தம் 4,300 ரூபாய். நூலகம் கிடைத்து, ஒலிபெருக்கியையும் விட்டுவிட்டால் 2,100 ரூபாயில் முடித்துவிடலாம். அரசு சமுதாயக் கூடமானால் வைப்புத்தொகை உண்டா, அது எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பணத்தை நான்கைந்து நண்பர்கள் சமமாகப் போட்டுக்கொள்வதே நல்லது. வீட்டுமனை விற்பவர், சீட்டு நிறுவனத்தார், கட்சிக்காரர் ஆகியோர் ‘தேநீர்ச் செலவு என்னுடையது’ என்று முன்வருவார்கள். தேநீரை ஏற்றுக்கொண்டால் அவருடைய பதாகையையும் ஏற்க வேண்டியிருக்கும். பிறகு அவரைப் பற்றிய கேள்வியைக் கூட்டத்தில் யாரும் எழுப்ப முடியாது. செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள். ‘எங்கிருந்தோ பணம் வருகிறது’ என்ற பேச்சு அதோடு நிற்கும்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. எவர்சில்வர் குவளைகளை வாடகைக்கு எடுங்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் குவளை, ஒரே தட்டிலிருந்து, ஒரே வரிசையில் கொடுக்கப்பட வேண்டும். இதைத் தேநீர் கொடுப்பவரிடம் முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘அது பாட்டுக்கு நடக்கும்’ என்று விட்டுவிடும் விஷயம் அல்ல.

6. அழைப்பு (பத்து நாட்களுக்கு முன்)

துண்டறிக்கையில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்ற வரிசையைப் போடவே போடாதீர்கள். அந்த வரிசையில் ஒரு பெயர் மேலே போனால் இன்னொருவர் வரமாட்டார். ஒரு பெயர் விடுபட்டால் அவருடைய உறவினர் பத்துப் பேர் வரமாட்டார்கள். பெயர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டாலோ பொன்னாடை போர்த்துவதிலும் புகைப்படம் எடுப்பதிலும் முதல் ஒரு மணி நேரம் கழிந்து, பேச வந்தவர்கள் பேருந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பொருள், நாள், நேரம், இடம், ‘கட்டணம் இல்லை, யாவரும் வரலாம், மேடை இல்லை, பொன்னாடை இல்லை’ என்ற ஒரு வரி, பொறுப்பாளரின் கைப்பேசி எண் ஆகியவை போதும். முக்கியப் பிரமுகர்களை நேரில் போய் அழையுங்கள். ‘அறிக்கையில் யார் பெயரும் இல்லை, அதனால் உங்கள் பெயரும் இல்லை’ என்று அப்போதே சொல்லிவிட்டால் வருத்தம் இருக்காது.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஏற்கெனவே ஒத்த கருத்துடையவர்கள்தான் வருவார்கள். ரேஷன் கடை, பால் சங்கம், தேநீர்க் கடை, முடிதிருத்தகம், மகளிர் குழுக் கூட்டம் என்று ஒவ்வோர் இடமாகப் போய்க் கையில் கொடுங்கள். சாலையோரப் பதாகைக்கு உள்ளாட்சி அனுமதி தேவை. இந்த அளவு கூட்டத்துக்கு அது வீண்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கமென்றால் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர், கிருஷ்ணகிரி நகரமென்றால் உருது பேசுவோர் இருப்பார்கள். அவரவர் மொழியில் பேசலாம் என்று அறிக்கையிலேயே குறிப்பிட்டு, உடனுக்குடன் தமிழில் சொல்ல ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள்.

7. கூட்ட நாள்: இருக்கையும் பேச்சு விதிகளும்

மேடை, தனி நாற்காலி எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நாற்காலி குறைந்தால் எல்லோரும் பாயில் உட்காருங்கள். சிலர் நாற்காலியிலும் சிலர் தரையிலும் இருக்கும் நிலை வந்துவிட்டால், அதன்பின் எந்த விதியும் உதவாது. கால் வலியுள்ள முதியவர்கள் யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்காரலாம் என்பது மட்டும் விலக்கு.

நெறியாளர் உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்தவராகவும், அந்தப் பிரச்சினையில் இலாப நட்டம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அவர் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார் என்ற ஆபத்தும் உண்டு. என்னைக் கேட்டால், மகளிர் குழுவை நடத்திப் பழகிய பெண்களே இதற்கு மிகவும் ஏற்றவர்கள்; கணக்கும் நேரமும் அவர்கள் கையில் பிசகுவதில்லை.

விதிகளைத் தொடக்கத்திலேயே படித்துக்காட்டி, சம்மதமா என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒரு முறைக்கு மூன்று நிமிடம்; மணி அடித்தால் அந்த வாக்கியத்தோடு முடிக்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் ஒரு முறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் ‘அடுத்தவர்’ என்று சொல்லிவிடலாம். வயது, தொழில், சாதி எதுவானாலும் ஒருவரை ஒருவர் ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும். இந்த ஒரு விதிக்குத்தான் முணுமுணுப்பு வரும். ‘சின்ன வயதிலிருந்தே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறேன்’ என்று சொல்வார்கள். ‘வெளியே எப்படியோ, இந்த இரண்டு மணி நேரம் இப்படி’ என்று நெறியாளர் சிரித்துக்கொண்டே, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும். வராதவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது. யாராவது குரலை உயர்த்தினால் தேநீரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நேரம் பத்து நிமிடம் போகும், கூட்டம் மிஞ்சும்.

முதலில் பேசுபவர் யார் என்பது முழுக் கூட்டத்தின் போக்கையும் முடிவு செய்கிறது. ஊர்ப் பெரியவர் முதலில் பேசிவிட்டால், மற்றவர்கள் ‘அண்ணன் சொன்னதுதான்’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். எனவே வாசலுக்கு அருகில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். தயங்கி வந்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அலுவலர் யாராவது வந்தால் அவரைக் கடைசி இருபது நிமிடத்தில் பேச வையுங்கள். அவர் முதலில் பேசினால் உரையாடல் மனுக் கொடுக்கும் நிகழ்ச்சியாக மாறிவிடும்.

காணொளி எடுப்பதென்றால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுக்காதீர்கள். ஒரு நிமிடத் துணுக்காக வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார்.

8. கூட்டத்துக்குப் பின்

மூன்று நாட்களுக்குள் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். எதில் ஒத்த கருத்து ஏற்பட்டது, எதில் ஏற்படவில்லை, எந்தத் தகவல் இன்னும் தேவை என்ற மூன்று பகுதிகள் போதும். யார் சொன்னார் என்ற பெயர் வேண்டாம். ஒத்த கருத்து ஏற்படாததை மறைத்து ‘ஏகமனதாக’ என்று எழுதினால், மாற்றுக் கருத்துடையவர்கள் மறுமுறை வருவதற்குக் காரணமே இராது. குறிப்பை அழைப்புக் கொடுத்த அதே இடங்களில் ஒட்டுங்கள்.

கோரிக்கை இருந்தால் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்யலாம். அடுத்த கிராம சபைக்கு முன்பே ஊராட்சியில் எழுத்தில் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கக் கேளுங்கள். வாடகைப் பொருள்களை அன்றே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கான இடத்தை அந்த வாரத்திலேயே மனுக் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள்.